அக்காவின் பேட்ச் உங்களுக்கு ஏன் ஆகாது

பெயரைச் சொல்ல விரும்பாத 51 வயது வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். மாதவிடாய் நின்று 20 மாதம் ஆகிறது. பகலில் ஏழெட்டு முறை திடீரென்று உடம்பு கொதித்து முகம் சிவந்து வியர்க்கிறது. இரவில் இரண்டு மூன்று தடவை உடுப்பு நனைந்து எழுந்து மாற்ற வேண்டியிருக்கிறது. வேலை கணக்குப் பிரிவில். தூக்கமில்லாமல் கூட்டலில் தப்பு வருகிறது, யாராவது ஒரு வார்த்தை கேட்டால் அழுகை முட்டுகிறது என்கிறார். மகளிர் மருத்துவர் ஈஸ்ட்ரோஜன் ஜெல்லும் புரோஜெஸ்டிரோன் கேப்சூலும் எழுதிக் கொடுத்திருக்கிறார். வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்தவர், ஹார்மோன் சிகிச்சையால் மார்பகப் புற்றுநோய் 26 சதவீதம் கூடுகிறது என்ற 2002-ஆம் ஆண்டுச் செய்தியைப் படித்துவிட்டு மருந்துச் சீட்டை மடித்து வைத்துவிட்டார். அவருடைய அம்மாவுக்கு 68 வயதில் மார்பகப் புற்றுநோய் வந்தது. சிகிச்சை முடிந்து, இப்போது 79 வயதில் நலமாக இருக்கிறார்.

அக்காவுக்கு 49 வயதில் நார்க்கட்டிக்காகக் கர்ப்பப்பையும் சினைப்பைகளும் எடுக்கப்பட்டன. அன்றிலிருந்து ஈஸ்ட்ரோஜன் பேட்ச் மட்டும் ஒட்டிக்கொள்கிறார். "கேன்சரைக் கொண்டுவருவது அந்த இரண்டாவது ஹார்மோன்தான். இது ஒன்று மட்டும் போட்டால் பயமில்லை" என்று சொல்லித் தன் பேட்ச்களில் கொஞ்சத்தைத் தங்கைக்குக் கொடுத்திருக்கிறார். ஏழு வாரம் ஒட்டியதில் வியர்வை அடங்கியது, தூக்கம் வந்தது. பிறகு ஒரு நாள் உள்ளாடையில் ரத்தக்கறை. இரண்டு நாள் லேசாகக் கசிந்து நின்றுவிட்டது. பயந்துபோய் பேட்சை எடுத்துவிட்டார். பழைய தொல்லை அப்படியே திரும்பிவிட்டது. "உயிரைவிடத் தூக்கம் பெரிதா? பல்லைக் கடித்துக்கொண்டு இரு" என்கிறார் கணவர்.

அவர் கேட்பவை நான்கு. அக்காவைப் போல ஈஸ்ட்ரோஜனை மட்டும் எடுத்துக்கொள்ளலாமா? அம்மாவுக்குப் புற்றுநோய் வந்திருப்பதால் எனக்கு ஹார்மோனே கூடாதா? ஆரம்பித்தால் எத்தனை வருடம், நிறுத்திய பிறகும் ஆபத்து தொடருமா? 'இயற்கை ஹார்மோன்' என்று விற்கும் க்ரீம்களும் மூலிகை மாத்திரைகளும் பாதுகாப்பானவையா?

அன்புள்ள சகோதரிக்கு,

நான்கு கேள்விகளில் ஒன்றுகூட அந்த ரத்தக்கசிவைப் பற்றியது அல்ல. "அது தானாக நின்றுவிட்டது" என்று ஒரே வரியில் தாண்டிப் போய்விட்டீர்கள். நான் அந்த வரியில்தான் நிற்க வேண்டியிருக்கிறது.

முதலில் அந்த இரண்டு நாள்

தொடர்ந்து 12 மாதம் மாதவிடாய் வராமலிருந்து, அதற்குப் பிறகு வரும் ரத்தம் எதுவானாலும் பரிசோதிக்கப்பட வேண்டும். ஒரு சொட்டாக இருந்தாலும் சரி, பழுப்பு நிறக் கறையாக இருந்தாலும் சரி, ஒரே நாளில் நின்றுபோயிருந்தாலும் சரி. இதில் விதிவிலக்கு கிடையாது. பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. இப்படி ரத்தம் பட்டு வருகிறவர்களில் பத்தில் ஒன்பது பேருக்குக் காரணம் புற்றுநோயாக இருப்பதில்லை. கர்ப்பப்பையின் உட்சுவர் மெலிந்து காய்ந்திருக்கும், பாலிப் என்ற சிறு சதை வளர்ச்சி இருக்கும், அல்லது உங்களைப் போல வெளியிலிருந்து போன ஹார்மோன் காரணமாக இருக்கும். ஆனால் கர்ப்பப்பை உட்சுவரில் புற்றுநோய் வந்தவர்களை எடுத்துப் பார்த்தால், அவர்களிலும் பத்தில் ஒன்பது பேர் ரத்தக்கசிவு என்று சொல்லித்தான் வந்திருப்பார்கள். அந்த நோய் இவ்வளவு சீக்கிரம் தன்னைக் காட்டிக்கொடுப்பதால்தான் பெரும்பாலும் அறுவை சிகிச்சையோடு குணமாகிறது. அந்த வாய்ப்பை நழுவவிடக் கூடாது.

செய்ய வேண்டிய பரிசோதனை எளியது. பிறப்புறுப்பு வழியாக ஸ்கேன் செய்து கர்ப்பப்பை உட்சுவரின் தடிமனை அளப்பார்கள். 4 மில்லிமீட்டர் அல்லது அதற்குக் குறைவாக இருந்தால் புற்றுநோய்க்கான வாய்ப்பு மிகமிகக் குறைவு. அதற்கு மேல் இருந்தாலோ, ரத்தம் மறுபடி பட்டாலோ, உட்சுவரிலிருந்து சிறு துணுக்கை எடுத்து பயாப்ஸிக்கு அனுப்புவார்கள். இதை அடுத்த மாதம் பார்க்கலாம் என்று தள்ளாதீர்கள். இரண்டு வாரத்துக்குள் முடித்துவிடுங்கள். முடிவு வரும்வரை பேட்ச், ஜெல் எதுவும் வேண்டாம். காரணம் தெரியாத ரத்தக்கசிவு இருக்கும்போது ஹார்மோன் ஆரம்பிக்கக் கூடாது என்பது எல்லா வழிகாட்டுதல்களிலும் இருக்கும் விதி.

இன்னொன்று. அக்காவின் பேட்சை ஒட்டிய விஷயத்தை மருத்துவரிடம் மறைக்காதீர்கள். ஹார்மோன் போன உடம்பில் உட்சுவர் தடித்திருப்பதற்கும், எதுவுமே எடுக்காத உடம்பில் தடித்திருப்பதற்கும் அர்த்தம் வேறு. கோபித்துக்கொள்வாரோ என்று தயங்கலாம். கோபித்தால் கோபிக்கட்டும், இரண்டு நிமிடம்தான்.

ஏழு வாரப் பேட்ச் உங்களுக்குப் புற்றுநோயை உண்டாக்கியிருக்காது. உட்சுவர் அந்த அளவுக்குக் கெட மாதங்களும் வருடங்களும் பிடிக்கும். ஏற்கெனவே ஏதாவது இருந்திருந்தால் அதைப் பேட்ச் வெளிக்காட்டியிருக்கலாம், அவ்வளவுதான். ஆகவே குற்ற உணர்ச்சியை விட்டுவிட்டு ஸ்கேனுக்கு நேரம் வாங்குங்கள்.

அக்கா சொன்னதில் பாதி உண்மை

ஈஸ்ட்ரோஜன் கர்ப்பப்பையின் உட்சுவரை வளரச் செய்யும். மாதவிடாய் வந்துகொண்டிருந்த காலத்தில் ஒவ்வொரு மாதமும் பாதி நாள் அதுதான் நடந்தது. பின்பாதியில் புரோஜெஸ்டிரோன் வந்து அந்த வளர்ச்சியைத் தடுத்து, பக்குவப்படுத்தி, உதிர வைத்தது. இரண்டாவது ஹார்மோன் இல்லாமல் முதலாவது மட்டும் போய்க்கொண்டே இருந்தால் உட்சுவர் தடிக்கும்; தடித்த செல்கள் காலப்போக்கில் தடம் மாறும்.

இது ஏட்டுச் சுரைக்காய் அல்ல, நடந்த கதை. 1960-களிலும் 70-களின் தொடக்கத்திலும் அமெரிக்காவில் லட்சக்கணக்கான பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜன் மாத்திரையைத் தனியாகக் கொடுத்தார்கள். கர்ப்பப்பைப் புற்றுநோய் ஏறத் தொடங்கியது. 1975-இல் வெளியான ஆய்வுகள் இரண்டுக்கும் உள்ள தொடர்பைப் போட்டு உடைத்தன. அதன் பிறகுதான் கர்ப்பப்பை உள்ளவர்களுக்குப் புரோஜெஸ்டிரோன் வகை மருந்தையும் சேர்த்தே கொடுக்கும் வழக்கம் நிலைபெற்றது. 1996-இல் வெளியான பெப்பி ஆய்வில், கர்ப்பப்பை இருந்தும் ஈஸ்ட்ரோஜனை மட்டும் மூன்றாண்டு எடுத்த பெண்களில் 62 சதவீதம் பேருக்கு உட்சுவர் ஏதோ ஒரு வகையில் மிகையாக வளர்ந்திருந்தது. இரண்டும் சேர்த்து எடுத்தவர்களுக்கு அந்தத் தொல்லை இல்லை.

உங்கள் அக்காவுக்குக் கர்ப்பப்பையே இல்லை. பாதுகாக்க வேண்டிய உறுப்பு இல்லாததால் இரண்டாவது மருந்தும் அவருக்குத் தேவையில்லை. அதுவும் 49 வயதிலேயே சினைப்பைகளை எடுத்தவர். அவருடைய மருத்துவர் சரியாகத்தான் கொடுத்திருக்கிறார். அதே பேட்ச் உங்கள் உடம்பில் வேறு வேலை செய்யும்.

ஆனால் அக்காவின் பேச்சைப் பொய் என்று தள்ளிவிடவும் முடியாது. மார்பகத்தைப் பொறுத்தவரை ஆபத்தைக் கூடுதலாக ஏற்றுவது புரோஜெஸ்டிரோன் வகை மருந்து சேர்ந்த கூட்டுச் சிகிச்சைதான். கர்ப்பப்பையைக் காக்கும் மருந்தே மார்பகத்தின் மேல் கொஞ்சம் சுமையை ஏற்றுகிறது. இந்த முடிச்சை முழுதாக அவிழ்க்க இன்றுவரை வழி கிடைக்கவில்லை. கர்ப்பப்பை உள்ள பெண்ணுக்கு எந்த மருந்து, எவ்வளவு, எத்தனை காலம் என்று கணக்குப் பார்ப்பதெல்லாம் இதனால்தான். உங்கள் முதல் கேள்விக்கு என் பதில் ஒற்றைச் சொல்: கூடாது.

2002-இல் என்ன நடந்தது

நீங்கள் படித்த செய்தி பொய்யல்ல. விமன்ஸ் ஹெல்த் இனிஷியேட்டிவ் என்பது அமெரிக்க அரசு நிதியில் நடந்த மிகப் பெரிய ஆய்வு. கர்ப்பப்பை உள்ள 16,608 பெண்களில் ஒரு பாதிக்கு இரண்டு ஹார்மோன்களும் சேர்ந்த மாத்திரையும் மறுபாதிக்கு வெற்று மாத்திரையும் கொடுத்தார்கள். எட்டரை ஆண்டு நடக்க வேண்டியதை ஐந்தாண்டு சொச்சத்தில், 2002 ஜூலையில் நிறுத்திவிட்டார்கள். மார்பகப் புற்றுநோய் 26 சதவீதம் கூடியது என்பது அதில் வந்த எண்.

இப்போது அந்தச் சதவீதத்தை ஆட்களாக மாற்றிப் பாருங்கள். ஹார்மோன் எடுக்காத 10,000 பெண்களில் ஒரு வருடத்தில் 30 பேருக்கு மார்பகப் புற்றுநோய் வந்தது. எடுத்தவர்களில் 38 பேருக்கு. கூடுதல் எட்டுப் பேர். அந்த எட்டுப் பேரில் ஒருவராக இருக்க யாருக்கும் பிரியமில்லைதான். ஆனால் 26 சதவீதம் என்று படிக்கும்போது, நூறில் 26 பேருக்கு வரும் என்றுதான் மனசு எடுத்துக்கொள்கிறது. உங்கள் கடிதத்திலும் அப்படித்தான் எழுதியிருக்கிறீர்கள். அது தவறு.

அதே ஆய்வின் இன்னொரு பிரிவில், கர்ப்பப்பை எடுத்த 10,739 பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜன் மட்டும் அல்லது வெற்று மாத்திரை கொடுத்தார்கள். பக்கவாதம் கூடியதால் 2004-இல் அதையும் நிறுத்தினார்கள். ஆனால் மார்பகப் புற்றுநோய் அங்கே கூடவில்லை, குறைந்தது. இருபதாண்டு பின்தொடர்ந்து 2020-இல் வெளியிட்ட கணக்கிலும் அது குறைவாகவே இருந்தது. இரண்டு மருந்தும் எடுத்தவர்களிடம் புதிய நோயாளிகள் அதிகமாகவே இருந்தார்கள். மார்பகப் புற்றுநோயால் நேர்ந்த மரணங்களில் மட்டும் நிச்சயமான வித்தியாசம் தெரியவில்லை.

2019-இல் லான்செட் இதழில் வந்த பெரிய தொகுப்பாய்வு கொஞ்சம் கடுமையானது. 50 வயதில் ஆரம்பித்து ஐந்தாண்டு எடுத்தால் அடுத்த இருபதாண்டில், அதாவது 50 முதல் 69 வயதுக்குள் என்ன ஆகும் என்று கணக்கிட்டார்கள். எதுவும் எடுக்காத நூறு பெண்களில் 6.3 பேருக்கு மார்பகப் புற்றுநோய். ஈஸ்ட்ரோஜனோடு தினமும் புரோஜெஸ்டிரோன் வகை மருந்தும் எடுத்தால் 8.3. இரண்டாவதை மாதத்தில் சில நாள் மட்டும் எடுத்தால் 7.7. ஈஸ்ட்ரோஜன் மட்டும் என்றால் 6.8. இது மேலை நாட்டுப் பெண்களின் கணக்கு. அடிப்படை ஆபத்து குறைவாக உள்ள இடங்களில் கூடுதலும் குறையும். ஈஸ்ட்ரோஜன் மட்டும் எடுத்தால் சற்றுக் கூடும் என்கிறது இந்த ஆய்வு, குறையும் என்கிறது முந்தையது. ஆகவே "ஒன்றும் வராது" என்று அக்கா சத்தியம் செய்ய முடியாது.

இப்போதெல்லாம் காற்று எதிர்ப்பக்கம் வீசுகிறது. "2002 ஆய்வில் இருந்தவர்கள் சராசரி 63 வயதுக்காரர்கள், அதனால் அது ஐம்பது வயதுக்காரிக்குப் பொருந்தாது" என்று சமூக ஊடகங்களில் உற்சாகமாகப் பேசுகிறார்கள். இதயத்தைப் பொறுத்தவரை அது நியாயமான வாதம். 60 வயதுக்குள்ளோ, மாதவிடாய் நின்று பத்து ஆண்டுக்குள்ளோ ஆரம்பிப்பவர்களுக்கு இதய ஆபத்து குறைவு. மார்பகத்துக்கு இந்த வாதம் எடுபடாது. ஐம்பதுக்குப் பக்கத்தில் ஆரம்பித்தவர்களிடமும் கூட்டுச் சிகிச்சையின் ஆபத்து தெரியத்தான் செய்கிறது. 2025 நவம்பரில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் இந்த மருந்துகளின் மேல் இருந்த கட்டம் கட்டிய எச்சரிக்கைகளில் பெரும்பாலானவற்றை எடுக்கப்போவதாக அறிவித்தது. அப்போதும் விட்டுவைத்த எச்சரிக்கை எது தெரியுமா? ஈஸ்ட்ரோஜனைத் தனியாக எடுத்தால் கர்ப்பப்பைப் புற்றுநோய் வரலாம் என்பதுதான்.

அம்மாவுக்கு வந்ததால் உங்களுக்கு வருமா

அம்மா, அக்கா தங்கை, மகள் என்று நெருங்கிய உறவில் ஒருவருக்கு வந்திருந்தால், அப்படி யாரும் இல்லாத பெண்ணைவிட ஆபத்து ஏறக்குறைய இரண்டு மடங்கை ஒட்டி வரும். அம்மாவுக்கு நாற்பதுக்கு முன் வந்திருந்தால் அது இன்னும் கூடும். உங்கள் அம்மாவுக்கு 68 வயதில் வந்தது, வேறு யாருக்கும் இல்லை என்கிறீர்கள். அந்த வயதில் வருவது பெரும்பாலும் மரபணு வழி வந்த நோயாக இருப்பதில்லை. மார்பகப் புற்றுநோய் வரும் ஒன்பது பெண்களில் எட்டுப் பேருக்கு அம்மாவுக்கோ சகோதரிக்கோ மகளுக்கோ அந்த நோய் இருந்ததில்லை என்பதையும் சேர்த்துப் பாருங்கள். குடும்பத்தில் இல்லாதவர்கள் நிம்மதியாக இருந்துவிடவும் முடியாது, இருப்பவர்கள் தங்களுக்கு எழுதிவைத்த விதி என்று நினைக்கவும் வேண்டாம்.

அம்மாவுக்கு வந்திருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக ஹார்மோன் சிகிச்சையை மறுப்பதில்லை. குடும்ப வரலாறும் ஹார்மோனும் ஒன்றையொன்று பெருக்கிவிடுவதாக ஆய்வுகளில் தெரியவில்லை. உங்கள் அடிப்படை ஆபத்து கொஞ்சம் உயரத்தில் இருக்கிறது. அதன்மேல் கூடும் எண்ணிக்கையும் அதற்கேற்பச் சற்று உயரும். அதைத் தெரிந்துகொண்டு முடிவெடுக்கலாம்.

ஆனால் அம்மாவிடமும் பெரியம்மா, சித்தி, மாமா, தந்தை வழி அத்தைமாரின் வீடுகளிலும் ஒருமுறை விசாரித்துவிடுங்கள். ஐம்பதுக்கு முன் மார்பகப் புற்றுநோய், இரண்டு மார்பகத்திலும் வந்தது, சினைப்பைப் புற்றுநோய், ஆணுக்கு மார்பகப் புற்றுநோய் என்று ஏதாவது இருந்தால் பரம்பரையாக வரும் மார்பக, சினைப்பைப் புற்றுநோய்க்கான பிஆர்சிஏ மரபணுப் பரிசோதனை பற்றிப் பேசிய பிறகே ஹார்மோனைப் பற்றிப் பேச வேண்டும். தந்தை வழியைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். அந்த மரபணு மாற்றம் அப்பா வழியாகவும் வரும்.

நோய் வந்தது உங்களுக்கே என்றால் என் பதில் முற்றிலும் வேறாக இருந்திருக்கும். மார்பகப் புற்றுநோயிலிருந்து மீண்ட பெண்களுக்கு ஹார்மோன் கொடுத்துப் பார்த்த ஹேபிட்ஸ் என்ற ஸ்வீடன் ஆய்வில், நோய் திரும்புவது கூடியதால் அதைப் பாதியில் நிறுத்தினார்கள்.

சரி, எடுக்கலாமா?

ஸ்கேனில் பிரச்சினை இல்லை, மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) நன்றாக இருக்கிறது, இதற்கு முன் கால் ரத்தக் குழாயிலோ நுரையீரலிலோ ரத்தக் கட்டி, பக்கவாதம், மாரடைப்பு, தீவிரக் கல்லீரல் நோய் எதுவும் வந்ததில்லை என்றால், உங்கள் மருத்துவர் எழுதிய சீட்டு எனக்கு நியாயமானதாகவே படுகிறது. வயது 51, மாதவிடாய் நின்று இரண்டு வருடம் ஆகவில்லை, தொல்லை வேலையையே பாதிக்கும் அளவுக்கு இருக்கிறது. ஹார்மோனுக்கு இணையாக இந்த வியர்வையை அடக்கும் மருந்து வேறில்லை. அதை ஏழு வாரத்தில் நீங்களே பார்த்துவிட்டீர்கள். எலும்பு முறிவும் குறையும்.

அவர் தேர்ந்தெடுத்த வடிவத்தையும் கவனியுங்கள். தோலில் தடவும் ஜெல், வழக்கமான அளவில், மாத்திரையைப் போல ரத்தக் கட்டி ஆபத்தை ஏற்றுவதில்லை. கேப்சூலில் இருப்பது உடம்பில் சுரக்கும் அதே புரோஜெஸ்டிரோன். 2002 ஆய்வில் கொடுத்தது செயற்கையான மெட்ராக்ஸிப்புரோஜெஸ்டிரோன். பிரான்சில் பெண்களை நீண்டகாலம் கவனித்து 2008-இல் வெளியான ஆய்வு ஒன்றில், இயற்கைப் புரோஜெஸ்டிரோன் சேர்த்து எடுத்தவர்களிடம் மார்பகப் புற்றுநோய் கூடவில்லை. சீட்டுக் குலுக்கிப் பிரித்துச் செய்த ஆய்வல்ல அது, ஆகவே உத்தரவாதமாக எடுத்துக்கொள்ள முடியாது. நல்ல அறிகுறி என்று வைத்துக்கொள்ளலாம். கேப்சூலை இரவில் போடுங்கள், கொஞ்சம் தூக்கம் வரவைக்கும். உங்களுக்கு அது லாபம். நாட்களைத் தவறவிடாதீர்கள், ஜெல் மட்டும் தடவி இதை விடுவது அக்காவின் பேட்சை ஒட்டுவதற்குச் சமம். கேப்சூல் ஒத்துவராவிட்டால் லெவோநார்ஜெஸ்ட்ரல் என்ற புரோஜெஸ்டிரோன் வகை மருந்தைச் சுரக்கும், கர்ப்பப்பைக்குள் வைக்கும் சாதனம் உண்டு.

எத்தனை வருடம் என்பதற்குத் தேதி குறித்த பதில் கிடையாது. ஒரு வருடத்துக்கும் குறைவாக எடுத்தால் மார்பக ஆபத்து அநேகமாகக் கூடுவதில்லை. வருடங்கள் ஏற ஏற அதுவும் ஏறும். நிறுத்தினால் குறையத் தொடங்கும், ஆனால் நீண்டகாலம் எடுத்தவர்களிடம் அதன் நிழல் பத்து ஆண்டுக்கு மேலும் கொஞ்சம் இருக்கிறது. நடைமுறையில் தொல்லையை அடக்கும் மிகக் குறைந்த அளவில் ஆரம்பித்து, ஒவ்வொரு வருடமும் "இன்னும் வேண்டுமா?" என்று உட்கார்ந்து பேசி, நாலைந்து வருடத்தில் குறைத்துப் பார்ப்போம்.

உங்கள் கணவருக்கு ஒரு வார்த்தை. அவர் பயத்தில் பேசுகிறார் என்பது புரிகிறது. ஆனால் பல்லைக் கடிக்க வேண்டிய காலம் சில மாதங்கள் அல்ல. அமெரிக்காவில் பெண்களைப் பல்லாண்டு பின்தொடர்ந்த ஆய்வில், இந்தத் தொல்லை அடிக்கடி வருபவர்களில் பாதிப் பேருக்கு அது ஏழு ஆண்டுக்கு மேல் நீடித்தது. புற்றுநோய்தான் அவர் கவலை என்றால், பிரிட்டனில் மருத்துவர்கள் நோயாளிகளுக்குக் காட்டும் ஒரு கணக்கைச் சொல்கிறேன். 50 முதல் 59 வயது வரையுள்ள ஆயிரம் பெண்களில் ஐந்தாண்டில் 23 பேருக்கு மார்பகப் புற்றுநோய் வரும். கூட்டு ஹார்மோன் எடுத்தால் அதோடு 4 பேர் கூடுவார்கள். உடல் பருமனாக இருந்தால் கூடுவது 24 பேர். வாரத்துக்கு இரண்டரை மணி நேரம் உடற்பயிற்சி செய்தால் 7 பேர் குறைவார்கள். உங்கள் எடை எவ்வளவு என்று எழுதவில்லை. இருவருமாகச் சேர்ந்து மாலையில் நடந்தால் அவர் கவலைக்கும் அது மருந்தாகும்.

'இயற்கை' என்று விற்பவை

நான்காவது கேள்விக்கு அதிகம் எழுத வேண்டியதில்லை. உடம்பில் சுரக்கும் ஹார்மோனைப் போன்றதே வேண்டும் என்றால் அது உங்கள் சீட்டிலேயே இருக்கிறது, ஒழுங்காகச் சோதித்து அனுமதிக்கப்பட்ட வடிவில். இணையத்தில் விற்கும் கலவைகளில் ஒரு டப்பாவுக்கும் அடுத்த டப்பாவுக்கும் அளவு ஒன்றாக இருக்கும் என்று சொல்ல முடியாது. அவற்றிலேயே ஆபத்தானது தோலில் தடவும் புரோஜெஸ்டிரோன் க்ரீம். அது கர்ப்பப்பை உட்சுவரைக் காக்கும் அளவுக்கு உள்ளே போகாது. காக்கும் என்று நம்பி ஈஸ்ட்ரோஜனைத் தொடர்பவர்களுக்கு உட்சுவர் தடித்துக்கொண்டே போகும். சோயா, ரெட் க்ளோவர் மாத்திரைகள் வெற்று மாத்திரையைவிடப் பெரிதாக உதவுவதாக உறுதியாகவில்லை. ஏற்கெனவே வாங்கியிருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

ஹார்மோன் வேண்டாம் என்று முடிவெடுத்தால்

எல்லாவற்றையும் தெரிந்துகொண்ட பிறகும் "எனக்கு மனசு ஒப்பவில்லை, அம்மா பட்டதைப் பார்த்திருக்கிறேன்" என்றால் அதுவும் சரியான காரணம்தான். அதற்காகச் சும்மா இருக்க வேண்டியதில்லை. வென்லாஃபாக்ஸின், குறைந்த அளவு பராக்ஸெட்டின் போன்ற மருந்துகள் வியர்வையை ஓரளவு குறைக்கும். இவற்றை மனச்சோர்வு மருந்து என்று கடைக்காரர் சொன்னால் மிரளாதீர்கள். இரவுத் தொல்லைக்குக் காபாபென்டின் உண்டு. மூளையில் உடல் சூட்டைக் கட்டுப்படுத்தும் இடத்திலேயே வேலை செய்யும் ஃபெசோலினெட்டன்ட் என்ற மாத்திரைக்கு 2023-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அது ஹார்மோன் அல்ல, ஆனால் கல்லீரலைப் பாதிக்கலாம் என்பதால் ஆரம்பிக்கும் முன்பும் பிறகும் ரத்தப் பரிசோதனை வேண்டும். அறிதிறன் நடத்தைச் சிகிச்சை (சிபிடி என்ற பேச்சுவழிச் சிகிச்சை) வியர்வையின் எண்ணிக்கையைவிட அது தரும் தவிப்பையும் தூக்கமின்மையையும் நன்றாகக் குறைக்கிறது.

கடிதத்தின் ஓரத்தில், கூச்சத்தோடு, உறவின்போது எரிச்சல் என்று ஒரு வரி எழுதியிருந்தீர்கள். பிறப்புறுப்பில் மட்டும் தடவும் குறைந்த அளவு ஈஸ்ட்ரோஜன் க்ரீம் அதற்குப் போதும். அது ரத்தத்தில் மிகக் கொஞ்சமே கலக்கிறது. 2019 தொகுப்பாய்விலும் அதனால் மார்பகப் புற்றுநோய் குறிப்பிடும்படி கூடவில்லை. இதற்குத் தனியாகப் புரோஜெஸ்டிரோன் தேவைப்படாது. ஆனால் இதுவும் ஸ்கேன் முடிந்த பிறகே.

ஆரம்பித்த பிறகு

மூன்று மாதம் ஆனதும் ஒருமுறை மருத்துவரைப் பாருங்கள்; பிறகு வருடத்துக்கு ஒருமுறை. மேமோகிராமைத் தவறவிடாதீர்கள். ஹார்மோன் எடுப்பவர்களின் மார்பகம் படத்தில் சற்று அடர்த்தியாகத் தெரியலாம், ஆகவே மருந்து எடுப்பதைப் படம் எடுப்பவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். முதல் மூன்று முதல் ஆறு மாதம் அங்கங்கே ரத்தக்கறை படுவது இந்தச் சிகிச்சையில் சகஜம். ஆறு மாதத்துக்குப் பிறகும் பட்டாலோ, சில மாதம் நின்று மறுபடி ஆரம்பித்தாலோ, அளவு கூடினாலோ மீண்டும் ஸ்கேன். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, திடீரென்று மூச்சுத் திணறினாலோ அன்றைக்கே மருத்துவமனை.